கண்ட்ரோலா, கிராபிக்ஸா? கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் நாலு டிவி, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடலாம். பின்பக்கம் ஒரு மேசை, அதில் கன்சோலும் (டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி) கண்ட்ரோலரும் ரிப்பேர். கல்லூரிப் பையன்கள், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கமிருந்து பிள்ளைகளோடு வரும் அப்பா அம்மாக்கள் என்று யார் வந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: படம் நன்றாக இருக்க வேண்டுமா, கைக்கு நன்றாக இருக்க வேண்டுமா? வாயால் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை, ஆனால் கூட்டம் இருக்கும்போது பாதியில் விட வேண்டியிருக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

அண்ணா, கண்ட்ரோல்னு சொல்றியே, அது இன்னா? கையில புடிக்கிற ஜாய்ஸ்டிக் தானே?

ஜாய்ஸ்டிக்கும் அதில் சேர்த்திதான். நீங்கள் மனதில் நினைத்தது திரைக்குள் போய்ச் சேரும் வழி மொத்தத்தையும் நான் கண்ட்ரோல் என்கிறேன். பட்டன், ஸ்டிக், தொடுதிரை, கையை ஆட்டினால் உணரும் சென்சார், உடம்பைப் பார்க்கும் கேமரா, அப்புறம் அமுக்கியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவில் ஆகும் நேரம், எல்லாமே.

தொண்ணூறுகளில் நம் வீடுகளில் மஞ்சள் கேசட் போட்டு விளையாடிய டிவி கேம் ஞாபகம் இருக்கும். அதில் இடது கட்டைவிரலுக்கு ஒரு பிளஸ் குறி பட்டன் இருந்ததே, அதை 1982 இல் நிண்டெண்டோ கம்பெனியின் கன்பெய் யோகோய் ஒரு கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்தார். அதற்கு முன் வீட்டு டிவி விளையாட்டு என்றால் பெரும்பாலும் லாரி கியர் மாதிரி நிற்கும் ஒரு குச்சியைப் பிடித்து ஆட்டுவதுதான். இன்றைய பி.எஸ்.5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) கண்ட்ரோலரைப் பாருங்கள், அந்தப் பிளஸ்ஸின் வாரிசு அதே கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்கிறது.

அப்போ கிராபிக்ஸ்னா 4கே-வா, எஃப்.பி.எஸ்-ஸா?

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. 4கே என்பது திரையில் எத்தனை புள்ளி என்ற கணக்கு, 1080 திரையைப் போல நாலு மடங்கு. எஃப்.பி.எஸ் என்பது ஒரு செகண்டில் எத்தனை படம் மாறுகிறது என்பது. 30 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 33 மில்லி செகண்ட், 60 என்றால் 17-க்குக் கொஞ்சம் குறைவு.

நீங்கள் பட்டனை அமுக்கியதன் பலன் அடுத்த படத்தில்தான் தெரிய முடியும் என்பதால் எஃப்.பி.எஸ்-ஸை நான் பாதி கண்ட்ரோல் கணக்கில் சேர்ப்பேன். ஒரு விளையாட்டில் 'குவாலிட்டி', 'பெர்பார்மன்ஸ்' என்று இரண்டு மோடு வந்தால் இரண்டாவதையே போடுங்கள் என்று கடையில் எல்லோருக்கும் சொல்கிறேன். புள்ளி கொஞ்சம் குறையும், கை உடனே வித்தியாசத்தைச் சொல்லும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ரெண்டுல எது முக்கியம்?

கண்ட்ரோல். ஆனால் அதில் புதுமை செய்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்றால், அது விளையாடத் தெரியாதவருக்கு ஒரு தடையைக் குறைக்கிறதா, இல்லை தெரிந்தவருக்கே ஒரு வேலையைக் கூட்டுகிறதா என்று பார்ப்பேன். குறைத்தவை பிழைத்திருக்கின்றன, கூட்டியவை பரணுக்குப் போய்விட்டன. கீழே வருகிற உதாரணங்களில் இதைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

கடையில் தினமும் கண்ணால் பார்ப்பதை வைத்தே சொல்கிறேன். புது விளையாட்டு போட்டால் பின்னால் நாலு பேர் நின்று "செம்ம கிராபிக்ஸ்டா" என்று வாயைப் பிளப்பார்கள். பத்து நிமிடம் கழித்து அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே கண்ட்ரோலரில் ஒரு பட்டன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் அந்த நிமிடமே எழுந்து வந்து "ணா, வேற குடு" என்பார்கள், மூன்று மணி நேரம் கழித்தும் அதைத்தான் பேசுவார்கள்.

வீ-ன்னு ஒண்ணு வந்துச்சாமே, கிராபிக்ஸே இல்லாம ஜெயிச்சுதுன்றாங்க. நெசமா?

நிஜம். வீ என்பது நிண்டெண்டோவின் கன்சோல், 2006 நவம்பரில் வந்தது. அந்தச் சமயத்தில் சோனியின் பி.எஸ்.3-யும் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-யும் எச்.டி படம் காட்டிக்கொண்டிருந்தன. வீ அதிகபட்சம் 480 வரி, அவ்வளவுதான். அது தோற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு: வீ 10.16 கோடி விற்றது, பி.எஸ்.3 சுமார் 8.7 கோடி, 360 சுமார் 8.4 கோடி.

காரணம் கையில் இருந்தது. டிவி ரிமோட் மாதிரியே நீளமாக ஒரு கட்டை, உள்ளே அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லு. டென்னிஸ் ஆட வேண்டுமா, மட்டையை வீசுவது போலக் கையை வீசுங்கள். எந்தப் பட்டன் எதற்கு என்று மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. ஜப்பானைத் தவிர பெரும்பாலான இடங்களில் பெட்டிக்குள்ளேயே ஒரு விளையாட்டுத் தட்டும் வைத்துக் கொடுத்தார்கள், அதில் டென்னிஸ், பவுலிங், பாக்சிங் எல்லாம். கடையில் வெளிநாட்டு வீ ஒன்று கிடைத்து மாட்டி வைத்திருந்த காலத்தில், பேரனைக் கூட்டிப் போக வந்த ஒரு பாட்டி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பவுலிங் உருட்டினார். 16 பட்டன் உள்ள கண்ட்ரோலரைக் கொடுத்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டார்.

விலையையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் வீ 250 டாலர், பி.எஸ்.3 வந்தபோது 500, 600 டாலர். இந்த வித்தியாசம் இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. அதோடு வாங்கிய பல பேர் அந்த ஐந்து விளையாட்டை ஆடி முடித்துவிட்டு வேறெதுவும் வாங்கவில்லை என்பதும் உண்மைதான்.

எங்க வீட்ல பழைய வீ கீது. டிவி மேல வைக்கிற பட்டை ஒயரை எலி கடிச்சிடுச்சு. இனி அவ்ளோதானா?

இல்லை. அந்தப் பட்டையின் பெயர் சென்சார் பார் என்றாலும் அதில் சென்சாரே கிடையாது. இரண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. அது இரண்டு வெளிச்சப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதை வைத்து நீங்கள் எங்கே குறி வைக்கிறீர்கள் என்று கணக்குப் போடுகிறது.

அதனால் அவசரத்துக்கு டிவிக்குக் கீழே ஓரடி இடைவெளியில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும். ஒரு கார்த்திகை அன்று கடையில் இரண்டு அகல் விளக்கை வைத்துக் காட்டினேன், பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி பக்கத்தில் தீயை வைத்துப் பழக்கப்படுத்த வேண்டாம், ஒயரைக் கொண்டுவாருங்கள், ஒட்டித் தருகிறேன். இவ்வளவு மலிவான, எளிய ஒரு ஏற்பாடுதான் எச்.டி கன்சோல்கள் இரண்டை விற்பனையில் முந்தியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அதே கம்பெனிதானே வீ யு விட்டான்? அது ஏன் படுத்துச்சு?

2012 இல் வந்தது, 1.36 கோடியோடு நின்றுவிட்டது. வீ-யின் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. துணிச்சலில் குறை சொல்ல முடியாது. கண்ட்ரோலரின் நடுவிலேயே 6.2 அங்குலத் தொடுதிரை வைத்தார்கள். ஆனால் மூன்றாவது பதிலில் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: யாருக்கு எந்தத் தடை குறைந்தது? மேலே டிவியையும் பார்க்க வேண்டும், கீழே கையையும் பார்க்க வேண்டும். ஒரு கன்சோலோடு ஒருவர்தான் அந்தத் திரைக் கண்ட்ரோலரைப் பிடிக்கலாம், மற்றவர்களுக்குப் பழைய ரிமோட். போதாததற்குப் பெயரைக் கேட்டு, இது வீ-க்கு வாங்கி மாட்டுகிற ஏதோ உதிரி என்றே நிறைய பேர் நினைத்துவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 2017 மார்ச்சில் அதே நிண்டெண்டோவின் சுவிட்ச் வந்தது. அன்றைக்கு வந்த பெரிய செல்டா விளையாட்டு வீ யு, சுவிட்ச் இரண்டிலும் ஒரே நாளில் வெளியானது, படத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீ யு-வின் கதை அத்தோடு முடிந்தது, சுவிட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. டிவியில் ஆடிக்கொண்டிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம், பக்கவாட்டில் இருக்கிற இரண்டு துண்டையும் கழற்றி ஒன்றைத் தம்பிக்குக் கொடுக்கலாம். அந்தத் திரை யாருக்குத் தேவை என்பதை இரண்டாவது முயற்சியில் சரியாகப் பிடித்தார்கள்.

கினெக்ட் வச்ச பழைய எக்ஸ்பாக்ஸ் வாங்கினோம் சார், ஹால்ல வச்சா ஆளையே கண்டுபிடிக்க மாட்டுது. ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, இடம் இல்லை. கினெக்ட் என்பது எக்ஸ்பாக்ஸோடு மாட்டுகிற கேமரா, அது உங்கள் முழு உடம்பையும் பார்க்க வேண்டும். ஒருவர் ஆட சுமார் ஆறடி, இருவர் என்றால் எட்டடி தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் கட்டில், பீரோ, தையல் மெஷின் போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனால் வெயில் வெளிச்சத்தில் அதன் அகச்சிவப்புக் கண் தடுமாறும், அதுவும் நம் வேலூர் வெயிலில்.

2010 நவம்பரில் வந்து முதல் 60 நாளில் 80 லட்சம் விற்ற பொருள் இது. கையில் எதையும் பிடிக்காமல் விளையாடலாம் என்பது அவ்வளவு ஈர்த்தது. ஆனால் எதையும் பிடிக்காததால், பட்டன் மாதிரி 'டிக்' என்று ஒன்று நடந்தது கைக்குத் தெரியாது. கையை நீட்டினால் ஒரு நொடிப் பின்னம் கழித்துத்தான் திரை நகரும். 2013 இல் புது எக்ஸ்பாக்ஸ் ஒன்-ஐ கினெக்ட்டோடு சேர்த்தேதான் வாங்க வேண்டும் என்று 499 டாலருக்கு விட்டார்கள், பி.எஸ்.4 அப்போது 399. அடுத்த வருடம் ஜூனிலேயே கினெக்ட்டைக் கழற்றிவிட்டு 399-க்குக் கொடுத்தார்கள். 2017 இல் தயாரிப்பே நின்றது. ஆனால் ரோபோ ஆராய்ச்சிக்கும் மருத்துவமனைப் பயிற்சிகளுக்கும் அது நன்றாகப் பயன்பட்டது. நல்ல கருவிதான், நம் ஹாலுக்குப் பொருந்தவில்லை.

பி.எஸ்.2-ல கண்ட்ரோலும் புதுசு இல்ல, கிராபிக்ஸும் டாப் இல்ல. அதானே உலகத்துலயே அதிகமா வித்துது? இப்ப இன்னா சொல்ற?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் இலவசமாகக் கொடுத்தேன். சரியான கேள்வி. 2000 இல் வந்த பி.எஸ்.2, 16 கோடிக்கு மேல் விற்றது. அதைவிடப் பலம் கூடிய முதல் எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி, நிண்டெண்டோவின் கேம்கியூப் 2.17 கோடி. அதன் கண்ட்ரோலர் பார்க்க பி.எஸ்.1-இல் வந்த அதே உருவம்தான்.

அங்கே ஜெயித்தது மூன்று: டிவிடி படம் பார்க்கலாம், பழைய பி.எஸ்.1 தட்டும் ஓடும், எல்லாக் கம்பெனியும் அதற்கு விளையாட்டு செய்தார்கள். நம் பக்கத்தில் நாலாவதாக ஒன்று, பர்மா பஜாரில் தட்டு மலிவாகக் கிடைத்தது. ஆக கண்ட்ரோல், கிராபிக்ஸ் இரண்டைத் தாண்டியும் காரணங்கள் உண்டு, அதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் இதிலும் கவனியுங்கள், கிராபிக்ஸில் முந்தியவன் ஜெயிக்கவில்லை.

1989 இல் வந்த நிண்டெண்டோவின் கையடக்க கேம் பாய்க்கும் இதே கதை. பச்சை நிறத்தில் நாலு சாயல், அவ்வளவுதான் படம். அடுத்த வருடம் சேகா கலர் திரையோடு கேம் கியர் விட்டது. ஆனால் அது ஆறு பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதுவும் அதன் கலர் பதிப்பும் சேர்த்து 11.87 கோடி விற்றன. 2012 மின்வெட்டில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிரிக்கெட் 07-ஐ இன்னும் ஆடறோமே, அது ஏன்?

2006 இல் வந்த விளையாட்டு. பார்வையாளர்கள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருப்பார்கள். ஆனாலும் ஹாஸ்டல்களில் பழைய லேப்டாப்பில் அது ஓடாத வருடம் இல்லை, ரசிகர்களே புது அணி, புது ஜெர்சி என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். அம்புக்குறி ஒன்று, ஷாட்டுக்கு ஒரு கீ, பந்து விழும் நேரம், இவ்வளவுதான். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம். ஒரே கீபோர்டில் தோளோடு தோள் ஒட்டி இரண்டு பேர் ஆடலாம்.

பிறகு வந்த கிரிக்கெட் விளையாட்டுகளில் ஷாட் வகைகள் அதிகம், ஸ்டிக்கை இந்தப் பக்கம், காலை அந்தப் பக்கம் என்று நிஜத்துக்கு அருகில் வருகின்றன. எனக்குப் பிடிக்கும். ஆனால் கடையில் நாலு பேர் சேர்ந்து வந்தால் கேட்பது பழையதைத்தான்.

மொபைல்லயே கைரோ கீது, நாலு விரல்ல ஆடறோம். கன்சோல் எதுக்கு ணா?

நீங்கள் ஆடுவதே புதுமையான கண்ட்ரோல்தான். பி.ஜி.எம்.ஐ என்ற துப்பாக்கி விளையாட்டில் போனைச் சாய்த்துக் குறி வைக்கிறீர்களே, அந்த அசைவுச் சில்லு வீ காலத்தில் பெரிய செய்தி. நாலு விரலையும் நண்டுக் கால் மாதிரி மடித்து வைத்து ஆடும் முறையை எந்தக் கம்பெனியும் சொல்லிக் கொடுக்கவில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நிறைய பேர் கிராபிக்ஸை 'ஸ்மூத்' என்று குறைத்து வைத்து பிரேம் ரேட்டை, அதாவது எஃப்.பி.எஸ்-ஸைத்தான் ஏற்றுகிறீர்கள். அப்போ எது முக்கியம் என்று உங்கள் செட்டிங்கே சொல்லிவிட்டது.

கன்சோலால் கிடைப்பது இரண்டு. கட்டைவிரல் திரையை மறைக்காது, பட்டன் எங்கே என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். இந்த இரண்டும் வேண்டாம் என்றால் போனே போதும், காசை வீணாக்க வேண்டாம்.

எங்க டிவி 32 இன்ச்தான் தம்பி. பையன் 4கே டிவி கேட்டு அடம் புடிக்கிறான். மாத்தணுமா?

வேண்டாம் அம்மா. 32 அங்குல டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் 1080 திரையின் புள்ளியையே சாதாரணக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அதே அளவில் 4கே வாங்கினால் அந்த நாலு மடங்கும் கண்ணுக்கு வந்து சேராது. 55 அங்குலம், கிட்ட உட்கார்ந்து பார்ப்பது என்றால் பேச்சு வேறு.

அதற்குப் பதில் ரிமோட்டை எடுத்துப் பட அமைப்புக்குள் போய் 'கேம் மோடு' போடுங்கள். டிவி படத்தை அழகாக்க உள்ளே நிறைய வேலை செய்கிறது, அதற்கு நேரம் எடுக்கும், சில டிவிகளில் 100 மில்லி செகண்டுக்கும் மேல். இரண்டாவது பதிலில் சொன்ன 17 மில்லி செகண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஆறு படம் தாமதம். கேம் மோடு அந்த அழகுபடுத்தலை நிறுத்திவிடும். படம் கொஞ்சம் வெளிறும், ஆனால் பையன் "டிவி ஸ்லோவா இருக்கு" என்று சொல்வது நின்றுவிடும். செலவு ஒரு பைசா இல்லை.

கையே வைக்கல, ஆளு தானா நடக்குறான். பேய் புடிச்சுதா?

டிரிப்ட் என்பார்கள். என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் இதுதான். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கு அடியில் ஒரு கரிப் பட்டையின் மேல் சின்னத் தகடு உரசி உரசித்தான் நீங்கள் எவ்வளவு சாய்த்தீர்கள் என்று கணக்கு வருகிறது. உரசினால் தேயும். தூசியும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்தால் சீக்கிரம் தேயும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்தால் சில வாரம் தாங்கும், அதற்கு மேல் ஸ்டிக்கையே மாற்ற வேண்டும்.

உரசாத வகையும் உண்டு, காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் எபெக்ட் ஸ்டிக். சேகா கம்பெனி 1990-களின் கடைசியில் ட்ரீம்காஸ்ட் என்ற தன் கன்சோலிலேயே அதைப் போட்டது. இத்தனை வருடம் கழித்தும் பெரிய கம்பெனிகள் எல்லோரும் தேய்கிறதையே கண்ட்ரோலரோடு விற்பது எனக்குக் கோபம் தருகிற விஷயம். கிராபிக்ஸ் சில்லுக்குக் கொட்டும் செலவில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். தனியாகக் கண்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால் டப்பாவில் ஹால் எபெக்ட் என்று போட்டிருக்கிறதா, உங்கள் கன்சோலுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

பி.எஸ்.5 டிரிகர் வில்லு இழுக்கற மாதிரி இறுகுது. விளம்பரத்துக்குத்தானே?

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். டிரிகருக்கு, அதாவது ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டனுக்குப் பின்னால் ஒரு குட்டி மோட்டார் பல்சக்கரத்தோடு உட்கார்ந்து, விளையாட்டு சொல்லும்போது எதிர்த்துத் தள்ளுகிறது. கன்சோலோடு வரும் ஆஸ்ட்ரோ விளையாட்டைப் போட்டுப் பாருங்கள், மணலில் நடப்பதும் கண்ணாடியில் நடப்பதும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால் எல்லாக் கன்சோலுக்கும் சேர்த்து விளையாட்டு செய்கிறவர்கள் இதைப் பேருக்குத்தான் தொடுகிறார்கள். ஆன்லைனில் சண்டை போடுகிறவர்கள் விரல் களைக்கிறது என்று அணைத்தே வைக்கிறார்கள். செட்டிங்கில் குறைக்கலாம், நிறுத்தலாம், தப்பே இல்லை.

தம்பிக்கு வலது கை வராது. அவனால ஆட முடியற மாதிரி எதுனா கீதா?

இருக்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். நம் ஊர் சிகிச்சைக்கு வருகிறவர்களின் ஊர். மேரி வர்கீஸ் என்ற டாக்டர் 1954 இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் சி.எம்.சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இருக்கிறது. சிகிச்சைக்காக மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் சாயங்காலம் என் கடைக்கு வருவார்கள்.

மைக்ரோசாப்ட் 2018 இல் அடாப்டிவ் கண்ட்ரோலர் என்று ஒன்று விட்டது. மேலே இரண்டு பெரிய வட்டப் பட்டன், பின்னால் வரிசையாக 19 துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு சுவிட்சைச் செருகி முழங்காலுக்கோ முழங்கைக்கோ கன்னத்துக்கோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சோனியும் 2023 இல் ஆக்சஸ் என்ற கண்ட்ரோலரைக் கொண்டுவந்தது. எக்ஸ்பாக்ஸ், பி.எஸ்.5 இரண்டிலும் எந்தப் பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்று செட்டிங்கில் மாற்றலாம், இரண்டு கண்ட்ரோலரை ஒரே ஆளாகச் சேர்த்து அண்ணனும் தம்பியும் பங்கு போட்டும் ஆடலாம்.

காசு இல்லையென்றாலும் வழி உண்டு. வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பையனுக்காக, உடைந்த கண்ட்ரோலரின் இரண்டு பட்டன் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து, இரண்டு காலிங் பெல் சுவிட்சில் ஈயம் வைத்து ஒட்டி, ஒரு பலகையில் பொருத்தி அவன் முழங்காலுக்கு அடியில் வைத்தேன். இடது கையில் ஸ்டிக், முழங்காலில் ஷூட், பாஸ். முதல் கோல் போட எத்தனை நாள் ஆனது என்று எனக்கு நினைவில்லை, ஆனால் போட்டபோது அவன் அம்மா வெளியே போய் நின்று அழுதது நினைவிருக்கிறது. மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது அந்தப் பலகையையும் எடுத்துப் போனார்கள். வந்து கேளுங்கள், அளவு எடுத்து உங்கள் தம்பிக்கும் செய்து தருகிறேன்.

கிராபிக்ஸ் வளராம கண்ட்ரோல் மட்டும் எப்படி வளரும்? ரெண்டும் சேர்ந்துதானே?

ஆமாம், இதில் என் வாதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. 1996 இல் நிண்டெண்டோ 64 வந்தபோது கண்ட்ரோலரின் நடுவில் ஒரு அனலாக் ஸ்டிக் வைத்தார்கள், ஏனென்றால் படம் முப்பரிமாணமாக மாறிவிட்டது. பிளஸ் பட்டனில் எட்டுத் திசைதான் போகலாம், கொஞ்சம் சாய்த்தால் மெதுவாக நடக்கவும் முழுக்கச் சாய்த்தால் ஓடவும் ஸ்டிக் வேண்டும். அடுத்த வருடமே சோனி இரண்டு ஸ்டிக் வைத்தது. கிராபிக்ஸ் முன்னால் போய் கண்ட்ரோலை இழுத்துக்கொண்டு வந்த காலம் அது.

கார் பந்தயத்தில் தூரத்து வளைவு தெளிவாகத் தெரிவதும், துப்பாக்கி விளையாட்டில் நிழலில் ஒளிந்தவன் தெரிவதும், பந்து பவுலர் கையை விட்டுக் கிளம்பும்போதே லைன் தெரிவதும் கிராபிக்ஸ்தான், அது சரியாக இல்லாவிட்டால் கை என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை. சண்டை எதுவும் போடாமல் மலை, காடு, மழை என்று சுற்றிப் பார்க்கவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கிராபிக்ஸைத்தான் சிபாரிசு செய்வேன்.

சுவிட்ச் 2-ல 4கே வந்துடுச்சே, நிண்டெண்டோவே கட்சி மாறிட்டான் போலயே?

2025 ஜூன் 5 இல் வந்தது, முதல் நாலு நாளில் 35 லட்சம் விற்றது. டிவியில் 4கே வரை காட்டும், கையில் 1080. உருவம் பழைய சுவிட்ச்தான், கண்ட்ரோலில் புதிது என்றால் பக்கவாட்டுத் துண்டைக் கவிழ்த்து மௌஸ் போலத் தேய்க்கலாம் என்பது. இந்த முறை படத்துக்குத்தான் அதிகம் உழைத்திருக்கிறார்கள். கையில் பிடிக்கும் விதத்தை 2017 இல் சரியாகப் பிடித்துவிட்டதால் அதை மாற்றாமல் மற்றதை ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். வீ யு-வில் செய்த தப்பை மறுபடி செய்யவில்லை.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சுவிட்ச் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. வாரண்டி யார் தருவார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்பா ஒரு தொகை தர்றேன்னு சொல்லிட்டார். இன்னா வாங்கட்டும், எப்படிப் பார்த்து வாங்கட்டும்?

யாரோடு ஆடுவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். வீட்டில் சின்னத் தங்கை, அம்மா எல்லோரும் சேர்ந்து என்றால் சுவிட்ச் வகை. நண்பர்கள் எல்லோரும் பி.எஸ்.5-இல் கால்பந்து ஆடுகிறார்கள் என்றால் அதே. தனியாக இரவில் கதை விளையாட்டு மட்டும் என்றால் பழைய பி.எஸ்.4-கூட இன்னும் நாலைந்து வருடத்துக்குப் போதும், மிச்சக் காசில் இரண்டாவது கண்ட்ரோலர் வாங்குங்கள். ஒரு கண்ட்ரோலர் மட்டும் இருக்கும் வீட்டில் சண்டை வராத நாளை நான் கேள்விப்பட்டதில்லை.

பழையது வாங்கினால் படத்தைப் பார்த்து மயங்காமல் இதைச் செய்யுங்கள். மெனுவில் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள், எதுவும் தானாக நகரக் கூடாது. இரண்டு ஸ்டிக்கையும் மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள், எங்கும் தடுக்கக் கூடாது. டிரிகரைப் பாதி அமுக்கிப் பிடியுங்கள். அரை மணி நேரமாவது ஓட விட்டு, விசிறி சத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேளுங்கள், நம் ஊர் மே மாதத்தில் அது இன்னும் ஏறும். விற்கிறவர் அரை மணி நேரம் தர மாட்டேன் என்றால் அந்தப் பெட்டி வேண்டாம், என் கடைக்குக் கூட்டி வாருங்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து சோதித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.